விருந்துக்கு ஒரு சீட்டு

1819ஆம் ஆண்டு நவம்பரில், ஹவாய்த் தீவின் கைலுவாவில் இளம் அரசன் லிஹோலிஹோ ஒரு விருந்து வைத்தான். ஆண்களுக்கு ஒரு பந்தி, பெண்களுக்குத் தனிப் பந்தி. அந்தத் தீவுகளில் அதுதான் காலங்காலமான சட்டம். பெண்கள் ஆண்களோடு அமர்ந்து உண்ணக் கூடாது. பன்றிக்கறி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள், குறிப்பிட்ட சில மீன்கள் அவர்களுக்கு விலக்கு. மீறினால் உயிரே போகலாம். பந்தி நடக்கும்போதே லிஹோலிஹோ எழுந்து போய்ப் பெண்கள் நடுவே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். அவன் தாய் கேயோபுவோலானியும், மறைந்த அரசரின் இன்னொரு மனைவியும் ஆட்சியில் பங்கு பெற்றவருமான காஹுமானுவும் முன்நின்று நடத்திய காரியம் அது. அதோடு பழைய விலக்குகள் சரிந்தன. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பன்றிக்கறியைப் பகிர்ந்துண்ணும் விருந்து அதற்குப் பிறகே அங்கு சாத்தியமாயிற்று. இன்று உலகம் லுவாவ் என்று அறிகிற விருந்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ஹவாய்க்குச் சுற்றுலா போகிற பலரும் ஒரு மாலையை லுவாவுக்கென்று ஒதுக்குகிறார்கள். போகும்போதே அவர்கள் மனத்தில் ஒரு கேள்வி ஓடும்: இது நிஜமானதா, நமக்காகக் கட்டிய வேடமா? தொன்மை, ஆதி, புராதனம் என்று விளம்பரங்கள் அந்தக் கேள்விக்குத் தீனி போடுகின்றன. திரும்பி வருகிறவர்களில் ஒரு சாரார் மெய்சிலிர்த்ததாகச் சொல்கிறார்கள், இன்னொரு சாரார் எல்லாம் வியாபாரம் என்று உதறிவிடுகிறார்கள். இரு சாரார் கையிலும் இருப்பது பழமை என்கிற ஒரே அளவுகோல்தான். லுவாவை அந்த அளவுகோலால் அளக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். ஒரு பழைய சட்டத்தை மீறிப் பிறந்த விருந்து அது. அதை எடைபோட வேண்டுமென்றால், கூப்பிடுகிறவர் யார், இலையில் விழுவது எந்த மண்ணில் விளைந்தது, மேடையில் சொல்லப்படுவது யாருடைய கதை, சொல்லாமல் விடப்படுவது எது என்றுதான் கேட்க வேண்டும்.

பந்தியில் உள்ளவற்றைப் பார்த்தாலே பழமை வாதம் நிற்காது என்று தெரிந்துவிடும். பன்றி, கோழி, சேம்பு, வாழை, தென்னை ஆகியவை பாலினேசிய மாலுமிகள் இரட்டைத் தோணிகளில் ஏற்றிவந்த செல்வம். ஆனால் தக்காளியும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து குளிரவைத்துப் பரிமாறும் லோமி சால்மன் அப்படி வந்ததில்லை. அந்தக் கடலில் சால்மன் கிடையாது. 1830களில் ஹட்சன்ஸ் பே கம்பெனி வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுச் சால்மனை உப்பிட்டுப் பீப்பாய்களில் ஹொனலூலூவுக்குக் கொண்டுவந்து விற்றது. கோழியோடு வேகும் கண்ணாடி நூல் சேமியா, கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த சீனர்களின் கை வண்ணம். பின்னணியில் ஒலிக்கும் யூக்கலேலி 1879இல் மதேராத் தீவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியத் தொழிலாளிகளின் சிறு கிதாரிலிருந்து பிறந்தது. 1847இல் அரசர் மூன்றாம் கமேஹமேஹா வைத்த பெருவிருந்தில் 271 பன்றிகளும், பொயி என்ற சேம்புக் கூழ் 482 பெரிய கலயங்களும் இருந்தன என்று பதிவாகியிருக்கிறது. அதே பட்டியலில் முழு எருதுகள் மூன்றும் உண்டு. மாடு என்ற பிராணியே வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமி 1793இல் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அந்தத் தீவுகளுக்கு வந்தது. பன்றி வாட்டும் குழிக்கு இன்று விரும்பி எரிக்கும் கியாவே விறகுகூட வந்தேறிதான். நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவான அந்த மரத்தின் முதல் விதையை 1828இல் ஹொனலூலூவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஊன்றினார்.

ஆக, கலப்பு லுவாவின் குறை ஆகாது. வந்ததையெல்லாம் தன் பந்தியில் உட்காரவைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்ட ஒரு சமூகத்தின் திறமை அது. இதை ஒப்புக்கொண்டால்தான் உண்மையான குறைகள் எவை என்று பார்க்க முடியும்.

சுற்றுலா லுவாவின் மாலை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நகர்கிறது. கடலோர ஓட்டலின் புல்வெளி, சூரியன் சாய்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. வாசலில் கழுத்துக்கு ஒரு லெய் மாலை. ஆர்க்கிட் பூவானால் அது தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்ததாகவும் இருக்கலாம். மாலையோடு ஒரு படம் எடுத்துக் கடைசியில் விலைக்குத் தருவார்கள். கையில் மாய் டாய் என்ற ரம் பானம், 1944இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒரு மதுக்கடைக்காரர் உருவாக்கியது. ஓலை பின்னவும் பூக்கோக்கவும் சொல்லித்தரும் சின்னச் சின்னக் கடைகள். பிறகு குழியிலிருந்து பன்றி எடுக்கும் சடங்கு, வரிசையில் நின்று எடுக்கும் சாப்பாடு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆட்டபாட்டம், கடைசியில் நெருப்புக் கத்தி. நபருக்கு 100 டாலரைத் தாண்டும் கட்டணம் பெரிய ஓட்டல்களில் 200ஐயும் தாண்டுகிறது. மேடைக்கு அருகில் உட்கார இன்னும் கூடுதல்.

இதில் பன்றிக் குழியைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். இமு என்று பெயர். தரையில் குழி வெட்டி, விறகடுக்கி, அதன்மேல் நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கற்களைப் பரப்பித் தீ வைப்பார்கள். துளையில்லாத கல் சூட்டில் வெடித்துவிடும், அதனால் கல்லைப் பார்த்துப் பொறுக்கத் தெரிய வேண்டும். கல் பழுத்ததும் நசுக்கிய வாழைத்தண்டைப் பரப்புவார்கள். அதன் நீர்தான் ஆவி. உப்புத் தேய்த்த பன்றியின் வயிற்றுக்குள்ளும் சில சுடுகற்கள் போகும். மேலே வாழை இலை, கீ என்ற செடியின் அகன்ற இலை, ஈரச் சாக்கு, கடைசியில் மண். ஓர் இடத்தில் ஆவி கசிந்தாலும் மண்ணள்ளி மூட வேண்டும். இரவெல்லாம் வெந்து, காலையில் எலும்பைப் பிடித்து இழுத்தால் தனியே வந்துவிடும் கறிதான் காலுவா. புகையும் உப்பும் இலை மணமும் தவிர அதில் வேறு மசாலா கிடையாது. சமையல் நுட்பமாக மட்டும் பார்த்தாலும் இது வியந்து பார்க்க வேண்டிய ஒன்று. லுவாவுக்குப் போகிறவர் தவறவிடக் கூடாத தருணம் எது என்று கேட்டால் இந்தக் குழி திறக்கும் சில நிமிடங்களையே சொல்வேன்.

ஆனால் ஐந்நூறு பேர் உட்காரும் இடத்தில் ஒரு குழிப் பன்றி எந்த மூலைக்குக் காணும்? பந்திக்கு வரும் கறியில் பெரும்பங்கு சமையலறை அடுப்பில் வெந்தது. அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பேருக்கு வேறு வழியில்லை. குழியைச் சுற்றி நிற்கிறவர்களிடம் அதைச் சொல்லிவிடலாமே என்பதுதான் என் ஆதங்கம். கல் பொறுக்கியவரும் இரவு கண்விழித்தவரும் அங்கே நிற்கும்போது அவர்களைப் பேசவிடாமல், ஒலிபெருக்கியில் ஒருவர் நகைச்சுவை சொல்லி முடித்துவிடுகிறார். பன்றி மேலே வந்ததும் கைப்பேசிகள் உயர்கின்றன. மூன்று நிமிடத்தில் கூட்டம் கலைகிறது.

லுவாவுக்காகப் பேச வேண்டியதை இப்போது பேச வேண்டும், ஏனென்றால் கடுமையாக விமர்சிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஹவாயின் ஹூலா ஆட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நெருக்கடியில் இருந்த கலை. 1820இல் மிஷனரிகள் வந்திறங்கினார்கள். மதம் மாறிய காஹுமானு 1830இல் பொது இடத்தில் ஹூலா ஆடத் தடை போட்டார். விலக்கை உடைத்துப் பெண்களைப் பந்திக்குக் கொண்டுவந்த அதே காஹுமானு. 1859இல் உரிமம் வாங்கினால்தான் ஆடலாம் என்று சட்டம் வந்தது. 1883இல் அரசர் கலாக்காவா தன் முடிசூட்டு விழாவில் ஹூலாவை மறுபடி அரங்கேற்றியபோது, ஆட்டங்களின் நிரலை அச்சிட்டதற்காக ஆபாச வழக்கே தொடுத்தார்கள். 1893இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டமாயிற்று. இதற்குப் பிறகு ஹூலாவோடு சேர்ந்த பழைய ஓதல்களை அறிந்தவர்கள் எங்கே போவார்கள், யாருக்குச் சொல்லித்தருவார்கள்?

1930களில் ஹொனலூலூவின் வைக்கீக்கிக் கடற்கரையில் லலானி கிராமம் என்று ஒன்றிருந்தது. ஒரு குடும்பம் நடத்தியது. சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் போய் இமு பார்ப்பார்கள், விருந்துண்பார்கள், ஆட்டம் பார்ப்பார்கள். இன்றைய வணிக லுவாவுக்கு அதை முன்னோடி என்றே சொல்லலாம். அதே வளாகத்தில் ஹவாய் மொழி வகுப்பும் ஹூலா வகுப்பும் நடந்தன. கலாக்காவாவின் அரசவையில் ஓதிய குலுவாய்மாக்கா என்ற முதியவர் தன் கடைசிக் காலத்தில் அங்கே இருந்தார். 1930களில் பிஷப் அருங்காட்சியகத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட அவர் குரல் இன்றைய ஓதல் மாணவர்களுக்குக் கிடைத்த கருவூலம். அரசும் பள்ளியும் கைவிட்ட ஒரு கிழவருக்குச் சுற்றுலாப் பயணி கொடுத்த காசு நிழல் கொடுத்திருக்கிறது. இன்றும் ஹாலாவ் என்னும் ஹூலாப் பள்ளிகளில் பயின்ற எத்தனையோ இளைஞர்களுக்கு மாலை நேர லுவாவ் மேடை மாதச் சம்பளம். ஹீலோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மெரி மோனார்க் விழாவில் மெய்யான போட்டி ஆட்டம் ஆடுகிறவர்கள், வாரநாளில் ஓட்டல் புல்வெளியில் ஆடி வாடகை கட்டுகிறார்கள். பணம் தொட்டால் கலை தீட்டாகிவிடும் என்பது பசியறியாதவர்களின் வாதம்.

ஆனாலும் பணம் கலையை எந்தப் பக்கம் வளைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1937இல் கோடாக் நிறுவனத்துக்காக வைக்கீக்கியில் ஒரு ஹூலா நிகழ்ச்சி தொடங்கியது. 2002 வரை நடந்தது. பகலில் நடத்தினார்கள், ஃபிலிமுக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா. ஆடுகிறவர்கள் எங்கே நின்றால் படம் நன்றாக விழும் என்பது அந்த ஆட்டத்தின் இலக்கணமாயிற்று. ஹூலாவில் சொல்தான் முதல். ஓதப்படும் சொல்லுக்குக் கையும் கண்ணும் பொருள் தரும். எரிமலைத் தெய்வம் பேலேயின் பயணமும் ஒரு தலைவனின் வம்சவரிசையும் ஒரு மலைச்சரிவில் இறங்கும் மழையின் பெயரும் அதற்குள் இருக்கும். சொல் விளங்காதவர்களுக்கு ஆடும்போது மிஞ்சுவது இடுப்பு. விளம்பரம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. கொட்டாங்கச்சியில் செய்த மார்க்கச்சை ஹவாயின் உடையே கிடையாது. உலர்புல் பாவாடை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்தவர்களோடு வந்தது. ஹவாயில் உடுத்தியது மரப்பட்டைத் துணியும் கீ இலையும். ஹவாய்ச் சிந்தனையாளர் ஹௌனானி-கே டிராஸ்க் சுற்றுலாத் தொழில் தன் மக்களின் பண்பாட்டை விலைமகளாக்கிவிட்டது என்று 1990களில் எழுதியபோது பலர் கோபப்பட்டார்கள். அவர் சொல் கடுமையானதுதான். கணவன்மாரை மேடைக்கு அழைத்து இடுப்பை ஆட்டச் சொல்லி ஊரே சிரிக்கும் அந்தப் பத்து நிமிடங்களைப் பார்க்கும்போது, அவர் மிகைப்படுத்தினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் வரும் நெருப்புக் கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரங்கமே எழுந்து கைதட்டும் அந்த ஆட்டம் சமோவாவுடையது. கத்தி சுழற்றும் பழைய சமோவா ஆட்டத்தில் நெருப்பைச் சேர்த்தவர் ஃப்ரெடி லெட்டுலி என்ற கலைஞர், 1946இல், சான் ஃபிரான்சிஸ்கோவில். அதற்கு முன்னால் மின்னல்போல இடுப்பசைவோடு பறையதிர வருவது தஹித்தித் தீவின் ஆட்டம். கண்ணை உருட்டி நாக்கை நீட்டுவது நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா. ஒவாஹுத் தீவின் லாயியேயில் 1963இல் மார்மன் திருச்சபை நிறுவிய பாலினேசியப் பண்பாட்டு மையம் ஒவ்வொரு தீவுக்கும் தனி இடம் ஒதுக்கி, பெயர் சொல்லி, பெரும்பாலும் அந்தந்த நாட்டு மாணவர்களையே ஆடவைக்கிறது. அதன்மேல் வேறு விமர்சனங்கள் உண்டு. இந்த விஷயத்தில் அது நேர்மையானது. மாவித் தீவின் ஓல்ட் லஹைனா லுவாவ் நெருப்புக் கத்தியே வைப்பதில்லை, அது ஹவாயுடையதில்லை என்பதால். கூட்டம் குறைந்துவிடவில்லை. மற்ற இடங்களில் பெயர்கள் பறந்துபோகும் வேகத்தில் உச்சரிக்கப்படுகின்றன, அல்லது உச்சரிக்கப்படுவதே இல்லை. நான்கு இனத்தாரின் ஆட்டத்தையும் ஹவாய் என்று நினைத்துக்கொண்டு பயணி விமானம் ஏறுகிறார். இதனால் சமோவியர் தம் பெயரை இழக்கிறார்கள். தம் அமைதியான ஆட்டம் முன்னுரையாகச் சுருங்கிவிடுவதால் ஹவாயரும் இழக்கிறார்கள்.

மேடைக் கதைக்கும் ஒரு வாடிக்கை உண்டு. விண்மீன் பார்த்துத் தோணியில் வந்த மூதாதையர், பிறகு தீவுகளை ஒன்றாக்கிய முதலாம் கமேஹமேஹா, பிறகு சட்டென்று 1930களின் நிலா வெளிச்சக் காதல் பாட்டு. இடையில் ஒரு நூற்றாண்டு காணாமல் போகிறது. அந்த நூற்றாண்டில்தான் மேற்கத்தியக் கப்பல்கள் கொண்டுவந்த நோய்களால் லட்சக்கணக்கில் இருந்த ஹவாய் மக்கள் 1890 வாக்கில் ஏறக்குறைய 40,000 பேராகக் குறுகினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் அமெரிக்கக் கடற்படைவீரர்கள் கரையில் நிற்க, அரசி லிலியுவோகலானி பதவி நீக்கப்பட்டார். 1898இல் நாடு அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்ட விஷயம் இது. விருந்துக்கு வந்தவர் மனத்தை வருத்தக் கூடாது என்று சொல்லலாம். விருந்து வைக்கிறவர் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூடக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறவரை விருந்தினர் என்று எப்படிச் சொல்வது? ஒரே ஓதல், அரசிக்காகப் பாடியது, இரண்டு நிமிட விளக்கத்தோடு வந்தால் போதும். சில இடங்களில் அதைச் செய்கிறார்கள். கேட்பவர்கள் எழுந்து ஓடிவிடுவதில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது பொயி படும் பாடு. சேம்பின் கிழங்கை வேகவைத்து, தோல் சீவி, மரப்பலகையில் கல்லுலக்கையால் இடித்து, நீர் சேர்த்துக் குழைக்கும் சாம்பல்-ஊதா நிறக் கூழ் அது. நாம் சேப்பங்கிழங்கு என்று வறுத்துண்பதும் அந்தச் செடியினம்தான். முதல் நாள் பொயி இனிப்பு, இரண்டு மூன்று நாளில் இதமாகப் புளிக்கும். ஹவாயின் தொல்கதையில் வானத் தந்தைக்கு உயிரில்லாமல் பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த குழந்தையின் வழிவந்தவர்களே மனிதர்கள். சேம்பு அண்ணன், மனிதன் தம்பி. பொயிக் கலயம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டை போடக் கூடாது என்பது வழக்கம், மூத்தவர் முன்னிலையில் நடந்துகொள்வதைப் போல.

ஓட்டல் லுவாவில் இந்த அண்ணன் இரண்டு விரற்கடை அகலமுள்ள காகிதக் கிண்ணத்தில் வருகிறார். சுவர்க் காகிதம் ஒட்டும் பசை என்று ஒலிபெருக்கிக்காரரே சொல்லிச் சிரிக்கவைக்கிறார். பயணி ஒரு நுனி தொட்டு, முகம் சுளித்து, தள்ளிவைக்கிறார். உப்பு தூக்கலான காலுவாக் கறியோடும் லோமி சால்மனோடும் மாற்றி மாற்றி உண்ண வேண்டியது பொயி. தனியே நக்கிப் பார்க்கும் பண்டம் கிடையாது. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. ஒரு மக்கள் மூத்தவராக மதிக்கும் உணவை அவர்கள் பெயரால் நடக்கும் விருந்திலேயே கேலிப்பொருளாக்குவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கிண்ணம் சிறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: சேம்பு இல்லை. ஓடும் குளிர்ந்த நீரில் வளரும் பயிர் அது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வரப்புகட்டி வயல் வயலாக இறக்கி மறுபடி ஓடைக்கே விடுவார்கள். 1870களிலிருந்து கரும்புத் தோட்டங்கள் அந்த ஓடைகளைக் கால்வாய் வெட்டித் தீவின் வறண்ட பக்கத்துக்குத் திருப்பின. கிழக்கு மாவியில் ஓடைகள் வற்றின, வயல்கள் புதர் மண்டின, இளைஞர்கள் ஓட்டல் வேலைக்குப் போனார்கள். ஒவாஹுவின் வையாஹோலே விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு ஹவாய் உச்ச நீதிமன்றம் தண்ணீர் பொதுச் சொத்து என்று உறுதிபடச் சொன்னது. மாவியின் கடைசிக் கரும்பு அறுவடை 2016இல் நடந்தது. 2018இல்தான் மாநில நீர் ஆணையம் கிழக்கு மாவியின் பத்து ஓடைகளில் சேம்புக்காக நீரை மறுபடி முழுமையாக ஓடவிட உத்தரவிட்டது. இன்னொரு கூத்து: கையால் இடித்த சேம்பைப் பழைய முறைப்படி விற்பது சுகாதார விதிகளுக்கு முரணாக இருந்தது. அதைச் சட்டபூர்வமாக்க 2011இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. லுவாவ் மேடைகளில் தொன்மை கொடிகட்டிப் பறந்த அதே ஆண்டுகளில்தான் இவ்வளவும் நடந்தது.

லுவாவை மதிப்பிடும்போது நான் பொயிக்கு இவ்வளவு இடம் கொடுப்பது இதனால்தான். ஆட்டத்தை எங்கும் ஆடலாம். கலைஞர்கள் லாஸ் வேகஸுக்கும் டோக்கியோவுக்கும் போய் ஆடுகிறார்கள். சேம்பு மட்டும் அந்த ஓடை அந்த வயலில் ஓடினால்தான் உண்டு. உள்ளூர் விவசாயியிடம் வாங்கிய சேம்பு எவ்வளவு, உள்ளூர் மீன் எவ்வளவு என்பது ஒரு லுவாவ் தன் மண்ணோடு வைத்திருக்கும் உறவின் கணக்கு. உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைக்கும் தீவுகள் அவை. 2019இல் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அங்கே வாழ்கிறவர்கள் சுமார் 14 லட்சம். அந்தக் கோடியில் ஒரு பகுதியினர் நல்ல விலை கொடுத்துப் பொயி உண்பார்கள் என்றால் எத்தனை வயல் மீளும் என்று எண்ணிப்பாருங்கள். சுற்றுலா லுவாவின் தவறவிட்ட வாய்ப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

இன்னொரு லுவாவ் இருக்கிறது, சீட்டில்லாதது. ஹவாய்க் குடும்பங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வைக்கும் விருந்து. கொள்ளைநோய்க் காலத்தில் பிள்ளைகள் கொத்துக்கொத்தாக இறந்த ஊரில், ஓராண்டு தாண்டியது ஊர் கூடிக் கொண்டாட வேண்டிய செய்தி. இன்றும் கடற்கரைப் பூங்காவில் பந்தல் போட்டு, மாமன்மார் இமு வெட்டி, அத்தைமார் கீ இலையைக் கழுவி, யாரோ ஒருவர் பாறையில் ஒட்டியிருக்கும் ஒப்பிஹி நத்தையை அலையில் உயிரைப் பணயம் வைத்துப் பெயர்த்துக்கொண்டு வருவார். பள்ளிக்கு நிதி திரட்ட, தேவாலயக் கூரையைச் சரிசெய்ய, பட்டம் வாங்கியவரைப் பாராட்டவும் லுவாவ் உண்டு. நெருப்புக் கத்தியெல்லாம் இருக்காது. யாராவது பாடத் தொடங்கினால் ஒரு பாட்டி இருந்த இடத்திலிருந்து எழுந்து ஆடுவார். போகும்போது வீட்டுக்கு ஒரு தட்டு கட்டிக் கொடுப்பார்கள். அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் வேலை உண்டு, கடன் உண்டு. அடுத்த வீட்டு விருந்துக்குத் தன் உழைப்பைத் திருப்பித் தர வேண்டும்.

சீட்டு வாங்கிய விருந்தில் இல்லாதது அந்தக் கடன்தான். காசு கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று இரு தரப்பும் எழுந்துவிடுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். வீட்டு வாடகையும் விலைவாசியும் அவர்களைத் துரத்துகின்றன. அந்த விலையேற்றத்தில் சுற்றுலாவுக்கும் பங்குண்டு. வரவேற்கிறவர்கள் வீடிழந்துகொண்டிருக்கும் ஊரில் வரவேற்பை விலைக்கு வாங்குகிறோம் என்ற உணர்வு பயணிக்கு இருக்க வேண்டும். இதைச் சொல்வதால் போகாதே என்று சொல்வதாக ஆகாது. முன்பின் அறியாதவரைக் குடும்ப விருந்துக்கு அழைக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது; பயணிக்குத் திறந்திருக்கும் கதவு சீட்டுள்ள கதவுதான். போகாமல் இருந்தால் ஆடுகிறவரின் கூலி போகும், ஓடைநீருக்குப் போராடும் விவசாயிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரம் தீயில் அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதங்களில் மாவி மக்கள் பயணிகளிடம் ஒரே சமயத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். எங்கள் துக்கத்தை வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்றார்கள் சிலர். நீங்கள் வராவிட்டால் எங்களுக்கு வேலையில்லை என்றார்கள் சிலர். எரிந்த நகரின் ஓரத்தில் தப்பிப் பிழைத்த ஓல்ட் லஹைனா லுவாவ் 2024 வசந்தத்தில் மறுபடி திறந்தது. மேலே நான் அடுக்கிய நிறைகுறைகள் அத்தனையும் அந்த இரண்டு குரல்களுக்குள் இருக்கின்றன, இரண்டுமே நியாயம்.

எனவே போகிறவர் முன்பதிவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்கலாம். பொயி எந்தப் பள்ளத்தாக்கின் சேம்பில் செய்தது? ஆட்டத்தை அமைத்த குமு ஹூலா, அதாவது ஆசான், யார்? அவர் பெயர் நிகழ்ச்சியில் சொல்லப்படுமா? ஓதல் ஹவாய் மொழியில் இருக்குமா, அதன் பொருள் விளக்கப்படுமா? மற்றத் தீவுகளின் ஆட்டத்தை அவற்றின் பெயரிட்டு அழைப்பார்களா? பதில் சொல்லத் தெரிந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றில் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம். பதிலில்லாத இடம் ஒரு நல்ல கடற்கரைச் சாப்பாடும் ஆட்டமும் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பந்தியில் பொயியைக் கறியோடு சேர்த்து உண்ணுங்கள், முதல் வாயில் பிடிக்காவிட்டால் மூன்றாம் வாய் வரை பொறுங்கள். மறுநாள் நேரமிருந்தால் சேம்பு வயலில் களையெடுக்க வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் தீவுகளில் உண்டு. முழங்கால் சேற்றில் அரை நாள் நின்றால் முந்தின இரவு உண்டதன் விலை கொஞ்சம் புரியும். லுவாவ் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது இவ்வளவே: பொயிக் கேலியை நிறுத்துங்கள், கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள், அதை விளைவித்தவரின் ஊர்ப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.